மொராக்கோ அரசு இறங்கிக் கட்டிய டிஸ்னி அரங்கு: நிலம் யாருடையது, கை யாருடையது, கதை யாருடையது?

2020-இல் ஒரு சின்னச் செய்தி வந்தது. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் உள்ள எப்காட் தீம் பார்க்கில், மொராக்கோ அரங்கை நடத்தும் பொறுப்பை டிஸ்னி தானே எடுத்துக்கொள்கிறது என்று. அதைப் படித்த பலருக்கும் குழப்பம். டிஸ்னியின் பார்க்குக்குள் இருக்கிற கட்டடத்தை டிஸ்னி எதற்குப் புதிதாக எடுத்துக்கொள்ள வேண்டும், அது முதலிலிருந்தே அவர்களுடையதுதானே என்று சிலர் கேட்டார்கள். மொராக்கோ மன்னர் கட்டிக்கொடுத்த இடமாயிற்றே, எப்படி விட்டுக்கொடுத்தார்கள் என்று வேறு சிலர்.

இரண்டு கேள்வியிலும் பாதிப் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் விடை புரிய வேண்டுமானால், ஒரு தீம் பார்க்குக்குள் "ஒரு நாடு" எப்படி எழும்புகிறது, அதற்கு யார் பணம் போடுகிறார்கள், பணம் போட்டவருக்கு என்ன உரிமை கிடைக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். மொராக்கோ அரங்கு இதைப் புரிந்துகொள்ள மிக நல்ல உதாரணம், ஏனென்றால் எப்காட்டின் 11 நாடுகளில் ஓர் அரசே நேரடியாக வடிவமைப்பில் இறங்கி வேலை செய்த இடம் அது ஒன்றுதான்.

தேசிய அரங்கு: உலகப் பொருட்காட்சியிலிருந்து வந்த வழக்கம்

ஒரு நாட்டைக் கட்டடமாகக் காட்டும் வழக்கம் டிஸ்னி கண்டுபிடித்தது இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் உலகப் பொருட்காட்சிகளில் அது வளர்ந்தது. 1867-இல் பாரிஸில் நடந்த பொருட்காட்சியில் மைய மண்டபத்துக்கு வெளியே, தோட்டத்தில், நாடுகள் தங்கள் பாணியில் தனித்தனிக் கட்டடங்கள் எழுப்பின. அதற்குப் பிறகு எந்த உலகப் பொருட்காட்சியும் தேசிய அரங்குகள் இல்லாமல் நடந்ததில்லை என்றே சொல்லலாம்.

அங்கே கணக்கு எளிது. நிலத்தை நடத்துபவர் தருவார், நாடு தன் செலவில் கட்டும், தன் ஆட்களை நிறுத்தும், ஆறு மாதம் கழித்துப் பெரும்பாலும் இடித்துவிட்டுப் போகும். என்ன காட்டுவது என்று முடிவெடுப்பது அந்த நாடு.

டிஸ்னிக்கு இந்த உலகம் நன்றாகவே பழக்கம். 1964-65 நியூயார்க் பொருட்காட்சியில் ஃபோர்டு, ஜெனரல் எலக்ட்ரிக், பெப்சி, இல்லினாய் மாநிலம் என்று நான்கு தரப்புக்கு அவர்கள் காட்சிகள் செய்துகொடுத்தார்கள். அடுத்தவர் பணத்தில் காட்சியைக் கட்டி, அந்தத் தொழில்நுட்பத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம் என்கிற பாடம் அங்கே கிடைத்தது. எப்காட்டின் பொருளாதாரமே அதிலிருந்துதான் வருகிறது.

எப்காட்டின் கணக்கும் அது தவறிய இடமும்

வால்ட் டிஸ்னி நினைத்த எப்காட் உண்மையான மனிதர்கள் குடியிருக்கும் ஒரு மாதிரி நகரம். 1966-இல் அவர் இறந்ததும் அந்தத் திட்டம் அப்படியே நின்றது. 1970-களின் நடுவில் நிறுவனம் அதைக் கையில் எடுத்தபோது நகரம் போய், நிரந்தர உலகப் பொருட்காட்சி மாதிரி ஒன்று வந்தது: ஒரு பாதி எதிர்காலத் தொழில்நுட்பம், மறு பாதி நாடுகள். இந்த இரண்டாம் பாதிக்குப் பெயர் வேர்ல்ட் ஷோகேஸ்.

முதல் வரைபடங்களில் நாடுகளுக்குத் தனித்தனிக் கட்டடம் கிடையாது. எதிரெதிரே நிற்கும் இரண்டு அரைவட்டக் கட்டடங்கள், அதற்குள் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு துண்டு, எல்லாருக்கும் ஒரே அகல முகப்பு. யாரும் பெரியவர் சிறியவர் இல்லை என்பது யோசனை. பிறகு அது கைவிடப்பட்டு, ஏரியைச் சுற்றி, ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நடைபாதையில் ஒவ்வொரு நாடும் தன் உருவத்தோடு நிற்கும் இன்றைய அமைப்பு வந்தது.

பணத்துக்கு டிஸ்னி போட்ட திட்டம் இது: அரசுகள் முன்வந்து தங்கள் அரங்கின் கட்டுமானச் செலவை ஏற்கும், நிலமும் உள்கட்டமைப்பும் டிஸ்னி தரும். நடக்கவில்லை. ஆறு மாதப் பொருட்காட்சிக்குச் செலவழிக்கும் அரசுகள்கூட, ஓர் அமெரிக்கத் தனியார் நிறுவனத்தின் பார்க்குக்குள் நிரந்தரமாகப் பணம் போடத் தயங்கின. அப்புறம் டிஸ்னி அந்த நாடுகளின் கம்பெனிகளிடம் போனது. ஜப்பான் அரங்கில் மிட்சுகோஷி என்கிற பெரிய ஜவுளி-பல்பொருள் கடை வந்தது. பிரான்ஸ் அரங்கில் போல் பொக்யூஸ் உள்ளிட்ட மூன்று புகழ்பெற்ற சமையல்காரர்கள் உணவகம் போட்டார்கள். ஜெர்மனி, பிரிட்டன் அரங்குகளில் பீர் கம்பெனிகளின் பங்கு பெரிது.

இதன் விளைவை இன்றும் நேரில் பார்க்கலாம். 1982 அக்டோபர் 1 அன்று திறந்த ஒன்பது அரங்குகளிலும் உணவகமும் கடையும்தான் முதுகெலும்பு. ஒரு பல்பொருள் கடை பணம் போட்டால் அந்த அரங்கின் பெரும்பகுதி கடையாக இருக்கத்தான் செய்யும். ஸ்பெயின், இஸ்ரேல், ஆப்பிரிக்க நாடுகளுக்கான ஒரு கூட்டு அரங்கு ஆகியவை வரப்போவதாக அறிவிக்கப்பட்டன, எதுவும் வரவில்லை. ஆப்பிரிக்க அரங்குக்காகக் குறித்த இடத்தில் இன்று சீனாவுக்கும் ஜெர்மனிக்கும் நடுவே ஒரு சிறிய கடைத்தொகுதி மட்டும் இருக்கிறது.

எப்காட்டுக்குப் பக்கத்து நகரமான ஆர்லாண்டோ போய்வரும் நம்மவர்கள் இந்தியா ஏன் இல்லை என்று கேட்பதுண்டு. பணம் போட யாரும் வராத நாட்டுக்கு அரங்கு எழும்பாது என்பதுதான் இந்த அமைப்பின் அடிப்படை. பக்கத்தில் உள்ள அனிமல் கிங்டம் பார்க்கில் டிஸ்னி வேறு வழியைப் பிடித்தது. அங்கே இந்தியா, நேபாளம், தாய்லாந்து, இந்தோனேசியா எல்லாவற்றிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து "ஆனந்தபூர்" என்று ஒரு கற்பனை நாட்டையே உண்டாக்கிவிட்டார்கள். கற்பனை நாட்டுக்குத் தூதரகம் கிடையாது, யாரையும் கேட்க வேண்டியதும் இல்லை. எனக்கு இது மனசுக்கு ஒவ்வாத தீர்வு. ஆனால் நிறுவனத்தின் பக்கமிருந்து பார்த்தால் காரணம் தெளிவாகவே இருக்கிறது.

மொராக்கோ ஏன் முன்வந்தது?

மற்ற அரசுகள் தயங்கிய இடத்தில் மன்னர் இரண்டாம் ஹசன் இறங்கினார். திறப்பு 1984 செப்டம்பர் 7. எப்காட் திறந்தபின் சேர்க்கப்பட்ட முதல் நாடு மொராக்கோதான். காரணங்களை இப்படிப் பிரிக்கலாம்:

1. அமெரிக்க உறவு. 1777-இலேயே மொராக்கோ சுல்தான் அமெரிக்கக் கப்பல்களுக்குத் தன் துறைமுகங்களைத் திறந்துவிட்டவர். 1786-இல் இரண்டு நாடுகளும் நட்பு ஒப்பந்தம் போட்டன. இந்தப் பழைய நட்பை இரண்டு அரசுகளும் அடிக்கடி எடுத்துச் சொல்லும். 1980-களில் அதற்கு உடனடித் தேவையும் இருந்தது: 1975 முதல் மேற்கு சஹாராவில், அதன் விடுதலைக்குப் போராடும் பொலிசாரியோ இயக்கத்தோடு போர் நடந்துகொண்டிருந்தது, அமெரிக்க ஆதரவும் ஆயுதமும் வேண்டியிருந்தது.

2. சுற்றுலா. எண்ணெய் இல்லாத நாட்டுக்கு அந்நியச் செலாவணி கொண்டுவரும் பெரிய வழிகளில் ஒன்று அது.

3. கைவினையை அரசே தாங்கிப்பிடிக்கும் மரபு. இதைத்தான் பலரும் கவனிக்காமல் விடுகிறார்கள். இரண்டாம் ஹசன் தன் தந்தைக்கு ரபாத்தில் கட்டிய நினைவு மண்டபத்தில் (1971-இல் முடிந்தது) ஃபெஸ் நகரத்து மரபுக் கைவேலை நிரம்பிக் கிடக்கிறது. 1986-இல் தொடங்கி 1993-இல் முடிந்த காசாபிளாங்கா பெரிய பள்ளிவாசலில் ஆயிரக்கணக்கான கைவினைஞர்கள் வேலை செய்தார்கள். எப்காட் வேலை காலவரிசையில் இந்த இரண்டுக்கும் நடுவில் வருகிறது. பழைய கைத்தொழிலுக்கு அரசு தொடர்ந்து வேலை கொடுத்துக்கொண்டே இருந்ததால்தான் ஃப்ளோரிடாவுக்கு அனுப்பவும் தேர்ந்த ஆட்கள் இருந்தார்கள்.

இதே காலத்தின் இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 1983-இல் மொராக்கோ கடன் நெருக்கடியில் சிக்கி, சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனைகளோடு சிக்கன நடவடிக்கைகளில் இறங்கியிருந்தது. 1984 ஜனவரியில் விலைவாசியையும் கல்விக் கட்டணத்தையும் எதிர்த்துப் பல நகரங்களில் கலவரம் வெடித்தது, அரசு அதைத் துப்பாக்கியால் அடக்கியது, மக்கள் இறந்தார்கள். எட்டு மாதம் கழித்து ஃப்ளோரிடாவில் இந்த அரங்கு திறந்தது. அரங்கின் அழகைப் பேசும் யாரும் இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் வெளிநாட்டில் ஒரு நாடு காட்டும் முகத்துக்கும் உள்ளே நடப்பதற்கும் உள்ள தூரம் அப்போதுதான் தெரியும்.

உள்ளே நடந்தால்: மூன்று நகரங்கள், ஒரு நகரமைப்பு

அரங்கில் சவாரி கிடையாது, திரைப்படம் கிடையாது. கட்டடம்தான் காட்சி. ஏரிப் பக்கத்திலிருந்து உள்ளே போகும் வரிசையில் பார்ப்போம்.

1. முகப்பில் உயரமாக நிற்பது மராகேஷின் குதுபிய்யா பள்ளிவாசல் மினாராவின் சிறிய பிரதி. மூலக் கட்டடம் 12-ஆம் நூற்றாண்டு, மொராக்கோவை அப்போது ஆண்ட அல்முவஹ்ஹிது வம்சத்தின் காலம். ஸ்பெயினின் செவில் நகரத்து ஹிரால்டா கோபுரம், ரபாத்தின் ஹசன் கோபுரம் இரண்டும் இதே குடும்பம்: சதுர அடித்தளம், நேர்ச்சுவர், உச்சியில் ஒரு சின்னக் கூண்டு. வட்டமாக, ஒல்லியாக எழும்பும் துருக்கிய மினாராவைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது வேறு மாதிரி இருக்கும். மேற்கு இஸ்லாமிய உலகின் அடையாளமே இந்தச் சதுரம்தான்.

2. அதைச் சுற்றியுள்ள முன்பகுதி "புதிய நகரம்". தோட்டத்தில் பேரீச்சை, ஆலிவ், எலுமிச்சை வகை மரங்கள், நீர் இறைக்கும் ஒரு பெரிய சக்கரம்.

3. அப்புறம் ஒரு வாசல். ஃபெஸ் நகரத்தின் பாப் பூ ஜுலூத் வாசலின் பிரதி. இதைத் தாண்டினால் "மதீனா", அதாவது பழைய நகரம். சந்து குறுகுகிறது, கடைகள் நெருங்குகின்றன.

4. உள்ளே ரபாத்தின் ஷெல்லா இடிபாடுகளில் உள்ள 14-ஆம் நூற்றாண்டு மினாராவின் பிரதி, ஃபெஸ்ஸின் தச்சர் வீதியில் உள்ள நஜ்ஜாரீன் நீரூற்றின் பிரதி, நடுமுற்றம் வைத்த ஃபெஸ் பாணி வீடு ஒன்று, கடைசியில் மராகேஷ் உணவகம்.

மராகேஷிலிருந்து ஃபெஸ்ஸுக்குச் சாலை வழியில் 500 கிலோமீட்டருக்கு மேல். இங்கே இரண்டு நிமிட நடை. எல்லாத் தேசிய அரங்குகளும் இப்படித்தான் தூரத்தைச் சுருக்குகின்றன, அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது அந்த வாசல். பாப் பூ ஜுலூத்தைப் பார்ப்பவர்கள் அது இடைக்காலத்தது என்றே நினைப்பார்கள். ஃபெஸ்ஸில் இன்று நிற்கும் அந்த வாசல் கட்டப்பட்டது 1913-இல், மொராக்கோவைப் பிரான்ஸ் தன் பிடியில் வைத்திருந்த பாதுகாப்பாட்சி தொடங்கி ஒரே வருடத்தில். பக்கத்தில் பழைய, எளிமையான வாசல் ஒன்று இருக்கிறது. பிரெஞ்சு நிர்வாகம் அலங்காரமான புதிய வாசலை அதற்கருகே எழுப்பியது: வெளிப்பக்கம் நீல வேலைப்பாடு, உள்பக்கம் பச்சை.

புதிய நகரம், பழைய நகரம் என்கிற பிரிவும் அப்படியே. 1912-இல் மொராக்கோவுக்கு வந்த பிரெஞ்சு நிர்வாகத் தலைவர் லியோத்தே, பழைய மதீனாக்களைத் தொடாமல் விட்டு, அவற்றுக்கு வெளியே ஐரோப்பியருக்கான புதிய நகரங்களைக் கட்டும் கொள்கையைக் கொண்டுவந்தார். கட்டடக் கலைஞர் ஆன்றி ப்ரோஸ்ட் அதற்கு வரைபடம் போட்டார். இதனால் பழைய நகரங்கள் இடிபடாமல் தப்பின, அது உண்மை. வசதிகள் புதிய நகரத்துக்கே போக, மொராக்கோ மக்கள் பழைய நகரத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ வேண்டி வந்தது என்பதும் உண்மை. ஃபெஸ் மதீனா 1981-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தபோது அதன் கட்டடங்களின் சிதைவும் நெரிசலும் பெரிய பிரச்சினையாக இருந்தன.

ஆக, சுதந்திர மொராக்கோ தன்னை உலகுக்குக் காட்டக் கட்டிய அரங்கின் அடிப்படை வரைபடம் காலனிய நகரமைப்பிலிருந்து வந்தது. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. 1956-இல் சுதந்திரம் வாங்கிய நாட்டு மக்களுக்கு அதற்குள் அந்த இரட்டை நகரம்தான் அன்றாட நகரம் ஆகிவிட்டிருந்தது, அரங்கும் அதை உள்ளபடியே காட்டுகிறது.

ஸெல்லீஜ்: இந்த அரங்கின் உயிர்

டிஸ்னியின் வழக்கமான வேலைமுறை என்ன? இரும்புச் சட்டம், கான்கிரீட், ஃபைபர் கிளாஸ், அதன்மேல் பழையது போலத் தோன்ற வண்ணப் பூச்சு. தூரத்தில் பெரிதாகத் தெரிய மேல் மாடிகளைச் சின்னதாக்கும் தந்திரமும் உண்டு. பிரான்ஸ் அரங்கின் ஈஃபில் கோபுரம் மூலத்தில் பத்தில் ஒரு பங்குதான். இவை எல்லாமே நாடக மேடை உத்திகள், அந்த அளவில் மிகத் திறமையான வேலை.

மொராக்கோ அரங்கில் இது மட்டும் போதாது என்று முடிவானது. மன்னர் தன் நாட்டுக் கைவினைஞர்களை அனுப்பினார். சுவரில் இருக்கும் டைல் வேலை அச்சடித்ததோ வரைந்ததோ கிடையாது, ஒவ்வொரு துண்டும் வெட்டிப் பொருத்தியது. சுமார் 9 டன் டைல் இதற்குப் போனதாகச் சொல்வார்கள். இந்த வேலைக்குப் பெயர் ஸெல்லீஜ். செய்முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், தெரிந்துகொண்டு பார்த்தால்தான் அந்தச் சுவரின் மதிப்பு புரியும்.

1. ஃபெஸ் பகுதிக் களிமண்ணைச் சதுரமாகத் தட்டி, வெயிலில் காயவைத்து, சூளையில் சுடுவார்கள். பிறகு ஒரு பக்கத்துக்கு மட்டும் கண்ணாடிப் பூச்சு கொடுத்து மறுபடி சூளை. வெள்ளை, கறுப்பு, பச்சை, நீலம், தேன் மஞ்சள் என்று நிறங்கள் எண்ணிக்கையில் குறைவு.

2. பூச்சு மேல் வடிவத்தைக் கோடு போட்டுக்கொண்டு, வெட்டுபவர் தரையில் உட்கார்ந்து, கூர்முனை வைத்த கனமான சுத்தியலால் தட்டித் தட்டி வெட்டுவார். நட்சத்திரம், அம்பு, பாதாம் வடிவம், சிறிய சதுரம். பின்பக்கம் கொஞ்சம் சரிவாகச் செதுக்கினால்தான் முன்பக்கத்தில் துண்டுகள் இடைவெளி இல்லாமல் ஒட்டும்.

3. இனி கோப்பது. துண்டுகளைத் தரையில் கவிழ்த்து அடுக்குவார்கள், நிறப் பக்கம் கீழே. அதாவது அடுக்குகிறவர் கண்ணுக்குத் தெரிவது வெறும் செம்மண் நிற முதுகுகள்தான். எந்த நிறம் எங்கே வருகிறது என்பது முழுக்க அவர் நினைவிலும் கணக்கிலும் இருக்கிறது.

4. முதுகில் சாந்து ஊற்றி, இறுகியதும் பலகையாகத் தூக்கிச் சுவரில் பதிப்பார்கள். அப்போதுதான் முழு வடிவமும் முதல் தடவையாக வெளியே தெரியும். ஒரு துண்டு இடம் மாறியிருந்தாலும் அதுவும் அப்போதுதான் தெரியும்.

வடிவங்களின் அடிப்படை எளிமையானது. ஒரு சதுரம், அதன்மேல் 45 பாகை திருப்பிய இன்னொரு சதுரம்: எட்டு முனை நட்சத்திரம் வந்துவிட்டது. அதன் கோடுகளை நீட்டினால் பக்கத்து நட்சத்திரத்தோடு சேர்ந்து இடையில் புதிய வடிவங்கள் பிறக்கும். 14-ஆம் நூற்றாண்டு கிரனாடாவின் அல்ஹம்ப்ரா அரண்மனையிலும் ஃபெஸ்ஸின் பூ இனானிய்யா மதரஸாவிலும் இருக்கும் அதே கணிதம். அரங்கின் சுவர்களில் மனிதரோ விலங்கோ இல்லாமல் வடிவியலும் செடிகொடியும் எழுத்துமே இருப்பதற்குக் காரணமும் அந்த இஸ்லாமிய மரபுதான்.

சுவரின் வரிசையையும் பாருங்கள். கீழே, கை படும் உயரம் வரை ஸெல்லீஜ், அதற்கு மேல் செதுக்கிய சுண்ணச்சாந்து, எல்லாவற்றுக்கும் மேல் தேவதாரு மரவேலை. இந்த மூன்றடுக்கு ஒழுங்குக்கு நடைமுறைக் காரணம் இருக்கிறது: ஈரமும் உரசலும் படும் கீழ்ப்பகுதிக்கு டைல், எளிதில் உடையும் சாந்து யாருக்கும் எட்டாத உயரத்தில்.

எப்காட்டின் மற்ற அரங்குகளிலும் நல்ல வேலை உண்டு. இங்கே ஒரு கைத்தொழிலே நேரில் வந்து வேலை செய்துவிட்டுப் போயிருக்கிறது. வேர்ல்ட் ஷோகேஸில் எனக்கு மிக முக்கியமான சுவர் எது என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

மினாராவும் விளக்கும்

1999 முதல் 2019 வரை ஏரியில் நடந்த இரவு வாணவேடிக்கையின்போது, சுற்றியுள்ள அரங்குகளின் விளிம்புகளில் விளக்குச் சரம் எரியும். மொராக்கோவில் எரியாது. முன்னால் நிற்பது பள்ளிவாசல் மினாராவின் பிரதி, அதற்கு வேடிக்கை அலங்காரம் கூடாது என்கிற மரியாதை இதற்குச் சொல்லப்படும் காரணம்.

இன்னொன்று. 1994-இல் பக்கத்துப் பார்க்கில் டவர் ஆஃப் டெரர் என்கிற 199 அடி உயரச் சவாரிக் கட்டடம் எழும்பியது. ஏரியின் எதிர்ப்பக்கமிருந்து பார்த்தால் அது மொராக்கோ அரங்குக்குப் பின்னால் தலைநீட்டும். அதனால் அதன் நிறத்தையும் உச்சிக் கூரைகளையும் மொராக்கோ வானவரிசையோடு கலந்துபோகும்படி அமைத்தார்கள்.

அரசு காட்டாமல் விட்டது

அந்த நாட்டு அரசே கட்டியது என்றால் உண்மையான மொராக்கோ என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி அல்ல. அரசு, தான் காட்ட விரும்பிய மொராக்கோவைக் கட்டியது.

அரச நகரங்கள் இருக்கின்றன, மலைக் கிராமங்கள் இல்லை. நாட்டின் மக்கள்தொகையில் கணிசமான பங்கான அமாசிக் (பெர்பர்) மக்களின் மொழிக்கு 2011 அரசியல் சாசனத்தில்தான் அரசு மொழி இடம் கிடைத்தது. 1984-இல் கட்டிய அரங்கில் அவர்கள் பெரும்பாலும் விற்பனைக்கு விரித்த கம்பளமாகத்தான் இருந்தார்கள். உலகச் சந்தைக்கு ஏராளமாக ஏற்றுமதியாகும் பாஸ்பேட், அதைத் தோண்டும் தொழிலாளிகள், எதுவும் இல்லை. மராகேஷ் உணவகத்தில் நடந்தது பெல்லி டான்ஸ். அது எகிப்தியக் கலை, மொராக்கோவின் சொந்த நடன மரபுகள் வேறு. அமெரிக்கப் பார்வையாளர் "அரபு நாடு" என்றால் எதை எதிர்பார்ப்பாரோ அது மேடைக்கு வந்தது.

பின்னாளில் அலாவுதீன் கார்ட்டூன் படத்தின் ஜாஸ்மின் இளவரசி வேடமிட்டவர் இங்கே குழந்தைகளைச் சந்திக்கத் தொடங்கினார். அந்தக் கதை நடப்பது கற்பனையான ஒரு மத்தியக் கிழக்கு நகரத்தில், மொராக்கோ இருப்பது ஆப்பிரிக்காவின் வடமேற்கு முனையில். ஓர் அரசு நேரடியாக வடிவமைத்த இடத்திலேயே இது நடக்கிறது என்றால், அரசின் பிடி எவ்வளவு தூரம் செல்லும் என்பதை யோசிக்க வேண்டும்.

நார்வே: பணம் நின்றால் என்ன ஆகும்?

இதற்குப் பக்கத்தில் நார்வே அரங்கை வைத்துப் பார்த்தால் படம் தெளிவாகும். 1988-இல் திறந்தது. பணம் போட்டது நார்வே நிறுவனங்களின் கூட்டமைப்பு. கட்டடங்களில் ஆஸ்லோவின் ஆகர்ஷுஸ் கோட்டையின் சாயல், மரத்தாலான பழைய தேவாலயம் ஒன்று. மேல்ஸ்ட்ரம் என்ற படகுச் சவாரி வைக்கிங்குகளிலும் ட்ரோல் பூதங்களிலும் தொடங்கி வட கடலின் எண்ணெய்க் கிணற்று மேடையில் வந்து முடியும், அதன்பின் நாட்டைப் பற்றிய ஒரு குறும்படம். அழகோ இல்லையோ, ஒரு நாடு தன் பொருளாதாரத்தையும் சேர்த்துக் காட்டியது. மொராக்கோ பாஸ்பேட்டைக் காட்டவில்லை, நார்வே எண்ணெயைக் காட்டியது.

1992-இல் நார்வே முதலீட்டாளர்கள் தங்கள் பங்கை டிஸ்னிக்கு விற்றார்கள். அரசு மட்டும் பத்து வருடம் ஒரு தொகை கொடுத்துவந்தது, 2002-இல் அதையும் நிறுத்தியது. 2014 அக்டோபரில் அந்தச் சவாரி மூடப்பட்டது. 2016-இல் அதே கால்வாயில் ஃப்ரோசன் படத்தின் கதைச் சவாரி திறந்தது. அந்தப் படம் நடப்பது அரெண்டெல் என்ற கற்பனை ராஜ்யத்தில். நார்வே மக்கள் பலர் வருத்தப்பட்டார்கள், ஆனால் கேட்பதற்கான ஒப்பந்த உரிமை பழைய சவாரி மூடுவதற்குப் பன்னிரண்டு வருடம் முன்பே போய்விட்டது.

சரி, 2020-இல் உண்மையில் என்ன மாறியது?

மூன்று அடுக்காகப் பிரித்தால் குழப்பம் போய்விடும்.

1. நிலம். அது எப்போதும் டிஸ்னியுடையது. அரங்கு தூதரகமும் இல்லை, மொராக்கோ மண்ணும் இல்லை.

2. கட்டடமும் வடிவமும். மொராக்கோ அரசின் பங்களிப்பு இங்கேதான். முடிந்த வேலை சுவரோடு சுவராக இருக்கிறது, அதை யாரும் எடுத்துப்போகவில்லை.

3. நடத்துவது. உணவகம், கடை, ஆள் நியமனம். இது மொராக்கோ சார்ந்த ஒரு தனி நிறுவனத்திடம் இருந்தது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பார்க் மூடியபின் இந்த அடுக்குதான் டிஸ்னியின் கைக்கு வந்தது. மராகேஷ் உணவகம் அந்த மூடலுக்குப் பிறகு பழையபடி திறக்கவே இல்லை.

வேலை செய்கிறவர்களுக்கும் இதில் தனிக் கதை உண்டு. அரங்குகளில் அந்தந்த நாட்டு இளைஞர்கள் நிற்பது க்யூ விசா என்கிற பிரிவின் கீழ். 1990-இல் அமெரிக்கா கொண்டுவந்த பண்பாட்டுப் பரிமாற்ற விசா இது, அதிகபட்சம் 15 மாதம், இதை உருவாக்க டிஸ்னி பெரிதும் முயன்றதால் "டிஸ்னி விசா" என்றே ஒரு பெயர் உண்டு. 2020-இல் இந்த ஏற்பாடும் நின்று, 2022-இல்தான் மீண்டும் தொடங்கியது. ஓர் அரங்கில் ஃபெஸ்ஸையும் ரபாத்தையும் சொந்த ஊராகக் கொண்டவர்களிடம் பேச முடிவது பெரிய விஷயம், அது இல்லாத அந்த இரண்டு வருடமும் வேர்ல்ட் ஷோகேஸ் வெறும் கட்டடங்களாகத்தான் இருந்தது.

நார்வேக்கு நடந்தது மொராக்கோவுக்கும் நடக்குமா? என் கணிப்பில் அதே மாதிரி எளிதில் நடக்காது. நார்வேயில் மாற்றியது ஒரு சவாரியை. மொராக்கோவில் மாற்றுவதற்குச் சவாரி இல்லை, மாற்ற வேண்டுமானால் சுவரைப் பெயர்க்க வேண்டும். ஆபத்து வேறு பக்கமிருந்து வரும்: பராமரிப்பு. ஃப்ளோரிடாவின் மழையும் ஈரப்பதமும் ஃபெஸ்ஸை விடக் கடுமையானவை, துண்டுகள் பெயரும், சாந்து உதிரும். அந்த இடத்தில் அச்சடித்த டைலை ஒட்டினால் பத்தடி தள்ளி நிற்பவருக்கு வித்தியாசம் தெரியாது. அப்படியே பத்து இருபது வருடம் போனால் ஸெல்லீஜ் அங்கங்கே மட்டும் மிச்சமிருக்கும்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. 2011-இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் தன் இஸ்லாமியக் கலைப் பிரிவில் மொராக்கோ முற்றம் ஒன்றைக் கட்டியபோது, ஃபெஸ்ஸிலிருந்து கைவினைஞர்களை வரவழைத்து மாதக்கணக்கில் தங்கவைத்து அங்கேயே வெட்டி, கோத்து, செதுக்க வைத்தார்கள். எப்காட்டிலும் பழுது பார்க்க அதே ஊரிலிருந்து ஆள் வர வேண்டும், அந்தச் செலவைத் தாங்க ஒரு தரப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். மொராக்கோ அரசு அந்தக் கையெழுத்தைக் கேட்டு வாங்க இன்னும் தாமதமாகிவிடவில்லை.